தொழுகை விடுபடாத மாதங்கள்

நோன்பு முப்பதையும் விடாமல் பிடிக்கிற பெண்ணை எங்கள் ஊர் கவனிக்கும். மாதவிடாய் நின்றுபோன மூத்த உம்மாமார் அப்படிப் பிடிப்பார்கள். அது எல்லாருக்கும் தெரிந்தது. நாற்பதைத் தாண்டாத ஒருத்தி முதல் நோன்பிலிருந்து கடைசி நோன்பு வரை, பின்னால் பிடிக்கவேண்டிய கழா ஒன்றும் இல்லாமல் முடித்தால், தராவீஹில் பக்கத்தில் நிற்கிறவர் ஒரு தடவை முகத்தைப் பார்ப்பார். கேட்கமாட்டார். கிண்ணியாவில் பெண்கள் கேட்காமலேயே பல விஷயங்களைத் தெரிந்துகொள்வார்கள்.

எனக்கு மாதவிடாய் வருவதில்லை. கர்ப்பப்பையின் உள்ளே இருக்கும் படலத்தைச் சூடு வைத்து எரித்துவிட்டார்கள். அதன் பிறகு எனக்குத் தொழுகை விடுபட்ட மாதம் என்று ஒன்று இல்லை. முதல் வருடம் அதைப் பெரிய நிஃமத்தாக எண்ணி ஷுக்ர் செய்தேன். இப்போதும் செய்கிறேன். ஆனால் மறுமணம் முடித்த பிறகு அந்தத் தொடர்ச்சிக்கு இன்னொரு அர்த்தமும் வந்துவிட்டது. மாதம் முழுக்க ஐந்து வேளையும் தொழ முடிகிறது என்றால், கர்ப்பப்பைக்குள் எதுவும் வளரவும் இல்லை, உதிரவும் இல்லை.

ஒரே ஸஜ்தாவில் நன்றியும் ஏக்கமும் சேர்ந்து வருகின்றன. இரண்டையும் தாளில் எழுதிப் பார்க்கத் தோன்றியது.

*

அதிக இரத்தப்போக்கைப் படாதவருக்கு அதைச் சொல்லி விளக்குவது கஷ்டம். சாதாரண மாதவிடாயில் போகிற இரத்தம் 30, 40 மில்லிலீற்றர். 80ஐத் தாண்டினால் நோய் என்று மருத்துவர்கள் நீண்டகாலமாக ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். வீட்டில் யாரும் அளப்பதில்லை. எங்களுக்கு வேறு அளவுகள் இருந்தன. பாயில் விரிக்கிற பழைய சீலையை எத்தனை மடிப்பாக மடிப்பது, பஸ்ஸில் எழும்பும்போது பின்னால் பார்த்துச் சொல்ல யார் கூட வருகிறார்கள், கறுப்பு அபாயாவைத் தவிர வேறு நிறம் உடுக்கலாமா. கட்டி கட்டியாகப் போகும். கிணற்றடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் தூக்கினால் நெஞ்சு படபடக்கும். மிட்வைஃப் மிஸ் ஒருநாள் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "உடம்பில ரெத்தமே இல்லியே புள்ள" என்று அங்கேயே துண்டு எழுதித் தந்தார்.

ஷாஃபி மத்ஹபில் மாதவிடாய்க்குக் கூடிய எல்லை பதினைந்து நாள். அதையும் தாண்டிப் போகிற இரத்தம் இஸ்திஹாழா. குளித்து, துணி கட்டி, ஒவ்வொரு பர்ளுக்கும் புதிதாக வுழூச் செய்து தொழவேண்டும். படிக்கும்போது எளிதான சட்டம்தான். மாதக்கணக்கில் அதன்படி வாழ்ந்து பார்த்தால், இன்றைய இரத்தம் எந்தக் கணக்கில் சேரும் என்ற யோசனையிலேயே ஒரு நாள் முழுவதும் போய்விடும். மாதவிடாயில் விடுபட்ட தொழுகைகளுக்குக் கழா இல்லை, விடுபட்ட நோன்புகளுக்கு உண்டு. அடுத்த றமழான் வருமுன் அவற்றைப் பிடித்து முடிக்க உடம்பில் பலம் இருக்காது.

பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ், ஹம்னா பின்த் ஜஹ்ஷ் என்ற ஸஹாபிப் பெண்கள் இருவரின் பெயர்கள் ஹதீஸ் கிரந்தங்களில் இந்த நோயோடு சேர்ந்தே வருகின்றன. நபிகள் நாயகத்திடம் போய்த் தங்கள் இரத்தப்போக்கைச் சொல்லி விளக்கம் கேட்டவர்கள். அவர்கள் கேட்டதால்தான் எங்களுக்கு இன்றைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. அந்த இரண்டு பேருக்கும் நான் துஆச் செய்வதுண்டு. பதினான்கு நூற்றாண்டுக்கு முன்னால் அவர்களுக்கு இருந்த அந்தத் துணிவு, என் வயதுப் பெண்கள் பலருக்குச் சொந்த உம்மாவிடம் பேசுவதற்குக்கூட வருவதில்லை. அதை நினைத்தால் மனம் தாங்குவதில்லை.

*

இரும்புச்சத்துக் குளிசை, இரத்தத்தைக் கட்டுப்படுத்துகிற குளிசை, பிறகு ஹோர்மோன் குளிசை. ஸ்கேனில் கட்டி ஒன்றும் இல்லை. காரணம் பிடிபடவில்லை. கடைசியில் வீஓஜி, அதாவது பெண்நோயியல் மருத்துவர், இரண்டு வழி சொன்னார். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், அல்லது அதன் உள்படலத்தை மட்டும் எரித்துவிடலாம். இரண்டாவதில் வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை, அடுத்த நாளே வீட்டுக்கு வரலாம்.

"குடும்பம் போதும்தானே?" என்று அவர் கேட்டார். மகள் அப்போது ஏழாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிறகு வயிற்றில் எதுவும் தங்கவில்லை. அவளுடைய வாப்பா பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சொன்னோம், போதும் என்று. நான் கையெழுத்து வைத்தேன்.

அந்தப் பதில் அன்றைக்கு முழு உண்மை. இதை அழுத்தி எழுதுகிறேன். ஏனென்றால் பின்னால் வந்த ஆசையை வைத்து, அன்றைய கையெழுத்தைக் குற்றவாளியாக்க வீட்டிலும் வெளியிலும் பலர் தயாராக இருந்தார்கள். உயிர் போய்க்கொண்டிருந்த ஒருத்தி தன் உயிரைப் பிடித்துக்கொண்டாள். அதில் பிழை எங்கே இருக்கிறது?

இந்தச் சிகிச்சையின் கதையைப் பிறகு தேடிப் படித்தேன். 1981இல் அமெரிக்க மருத்துவர் மில்டன் கோல்ட்ராத்தும் அவருடன் வேலை செய்தவர்களும் லேசர் ஒளியால் கர்ப்பப்பைப் படலத்தை எரித்து இரத்தப்போக்கை நிறுத்தியதை எழுதி வெளியிட்டார்கள். அதற்கு முன்பு மருந்து கேட்காத இரத்தப்போக்குக்குக் கர்ப்பப்பையை எடுப்பதுதான் வழக்கம். 1997இல் அமெரிக்காவில் பலூன் முறைக்கு அனுமதி கிடைத்தது. ஒரு சிறிய பலூனைக் கர்ப்பப்பைக்குள் விட்டு, அதில் திரவம் நிரப்பி, 87 பாகை செல்சியஸ் சூட்டில் 8 நிமிடம் வைத்திருப்பார்கள். பின்னால் வந்த ரேடியோ அலைக் கருவிக்கு ஒன்றரை நிமிடம் போதும்.

தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கிற நேரத்துக்குள் எனக்கும் எல்லாம் முடிந்துவிட்டது. சில நாள் நீர்போல் போனது. பிறகு நின்றது. எல்லாருக்கும் முழுதாக நிற்பதில்லை. பலருக்குக் குறைந்துபோகும், சிலருக்குச் சில வருடத்தில் திரும்பி வந்து கடைசியில் கர்ப்பப்பையையே எடுக்கவேண்டி வரும். எனக்கு முழுதாக நின்றது. அந்த வருடம் எங்கள் வீட்டில் மல்லிகைப் பந்தல் போட்டேன். மண் கொத்துகிற பலம் கையில் வந்திருந்தது.

*

மகளின் வாப்பா நோயில் மௌத்தானார். நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தேன்.

இப்போதைய கணவர் சூரங்கல் பக்கம் வயல் செய்கிறவர். முதல் கலியாணத்தில் அவருக்குப் பிள்ளை இல்லை. நிக்காஹ் பேசும்போதே என் காக்கா எதையும் மறைக்காமல் அவரிடம் சொன்னார், தங்கச்சிக்கு இப்படி ஒரு வைத்தியம் நடந்திருக்கிறது, இனிப் பிள்ளை கிடைப்பது கஷ்டம் என்று. "அல்லாஹ் தந்தாத் தருவான்" என்று அவர் சொன்னார். நாங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். சம்மதம்தான் அது. அதற்குள் ஒரு நம்பிக்கையும் இருந்தது என்பது கூட வாழ்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் ஒருநாளும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ராத்தாவின் பேரப்பிள்ளை வந்தால் வயலுக்குப் போகிற நேரத்தைப் பிந்திப்போடுவார். மகளின் ஏஎல் வகுப்புக் காசை யாரும் கேட்குமுன் மேசையில் வைப்பார். அவள் அவரை வாப்பா என்று கூப்பிடுவதில்லை, அதற்கு அவர் முகம் மாறியதும் இல்லை. இப்படி ஒரு மனிதருக்கு ஒரு பிள்ளையைப் பெற்றுக் கொடுக்கவேண்டும் என்ற ஆசை எனக்குள் தானாக வளர்ந்தது. அவருக்காக என்று மட்டும் சொன்னால் அது முழு உண்மையாகாது. எனக்கே வேண்டியிருந்தது.

*

கர்ப்பப்பையின் உள்படலத்தில் இரண்டு அடுக்கு. மேலடுக்கு மாதாமாதம் தடித்து, கருத் தங்காவிட்டால் இரத்தத்தோடு உதிர்ந்துபோகும். கீழடுக்கு உதிராது. தசையை ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்து, அடுத்த மாதத்துக்கு மேலடுக்கைப் புதிதாக உண்டாக்கும். மாதவிடாய் முடிந்த கையோடு ஒன்றிரண்டு மில்லிமீற்றராக இருக்கிற படலம், இரண்டு கிழமைக்குள் பத்து மில்லிமீற்றர் அளவுக்கு வரும். கருவை வைக்குமுன் குழந்தைப்பேற்று மருத்துவர்கள் ஏழு மில்லிமீற்றராவது இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்ப்பார்கள்.

எங்கள் வாப்பா முன்னொரு காலம் சேனை வெட்டி எரித்தவர். நெருப்பு எவ்வளவு பெரிதாக எரிந்தாலும் முதல் மழைக்கே இலுக்குப் புல் தலை காட்டும், வேர் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும் என்று சொல்வார். மாதவிடாய் அந்த மாதிரி, வேரை விட்டுவிட்டுப் போகிறது. எனக்கு நடந்த சிகிச்சை வேரைத் தேடிப்போனது. நான்கைந்து மில்லிமீற்றர் ஆழம் வரைக்கும் சூடு இறங்கவேண்டும், இல்லாவிட்டால் இரத்தம் திரும்பி வரும். நோயைக் குணமாக்கியதும் பிள்ளை தங்குகிற இடத்தை இல்லாமல் ஆக்கியதும் ஒரே சூடுதான். அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வழி இல்லை.

சூலகங்களுக்கு இது எதுவும் தெரியாது. அந்த நாட்களில் அவை மாதாமாதம் முட்டையை விட்டுக்கொண்டே இருந்தன. நடு மாதத்தில் வலப்பக்கமோ இடப்பக்கமோ மெல்லிய இழுவை வரும், மார்பு கனக்கும். ஹோர்மோன்கள் எல்லாம் வயதுக்கேற்பச் சரியாக இருந்தன. எனக்கு மாதவிடாய் நின்றது, மெனோபோஸ் வரவில்லை. இந்த வித்தியாசத்தை எனக்கு விளங்கப்படுத்தியவர் எங்கள் மிட்வைஃப் மிஸ். அதைக் கேட்டவுடன் மனதில் ஒரு கதவு திறந்தது. முட்டை வருகிறது என்றால்?

*

முயற்சி செய்து பார்த்தோம். எவ்வளவு காலம் என்று எழுத விருப்பமில்லை. அந்த முயற்சியில் மற்றப் பெண்களுக்கு இருக்கிற ஒரு அடையாளம்கூட எனக்கு இருக்கவில்லை. நாள் தள்ளிப்போனதா என்று பார்க்க எனக்கு நாளே இல்லை. ஆறுதலுக்கும் ஏமாற்றத்துக்கும் திகதி இல்லாத காத்திருப்பு அது. பார்மசியில் கர்ப்பம் பார்க்கிற குச்சியை வாங்க வேண்டும் என்றால் பாலம் தாண்டித் திருகோணமலைக்குப் போவேன், இங்கே எல்லாரும் தெரிந்தவர்கள்.

பிறகு இரண்டு பேருமாக ஒரு வீஓஜியிடம் போனோம். அவர் அவசரப்படவில்லை. ஒரு தாளில் கர்ப்பப்பையின் படத்தைக் கீறினார்.

கருத்தரிக்கவே முடியாது என்று சொல்லமாட்டேன், என்றார். இந்தச் சிகிச்சை கர்ப்பத்தடை ஆகாது. நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் பிறகு கர்ப்பம் உண்டாகிறது, ஆனால் உண்டாகிறது. 2018இல் பிரித்தானிய மகப்பேற்று மருத்துவ இதழில் உலகெங்கும் பதிவான அப்படிப்பட்ட 274 கர்ப்பங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. அதில் அதிகமும் கருச்சிதைவில் முடிந்தவை, குழாயில் தங்கியவை, கலைக்கப்பட்டவை. தொடர்ந்து வளர்ந்தவற்றிலும் பனிக்குடம் நேரத்துக்கு முன் உடைந்தது, குறைமாதத்தில் பிறந்தது என்று கஷ்டங்கள். எல்லாவற்றிலும் பெரியது நச்சுக்கொடி. நல்ல படலம் இருந்தால் அது நச்சுக்கொடியை ஓர் அளவுக்கு மேல் உள்ளே போகவிடாது. படலம் இல்லாத இடத்தில் நச்சுக்கொடி நேரே தசைக்குள் வேர்விட்டுவிடும். பிள்ளை பிறந்த பிறகு கழன்று வராது. அந்த நேரத்தில் போகிற இரத்தத்தில் தாய் மௌத்தாகலாம். கர்ப்பப்பையை எடுத்துத்தான் பலரைக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

அவர் எங்களைப் பயமுறுத்தவில்லை. "இரத்தம் போகாம இருக்கத்தானே அண்டைக்கு அதச் செஞ்சீங்க" என்று மட்டும் கடைசியாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது என் கணவர் சீனக்குடாவில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இரண்டு பிளேன்டீ சொன்னார். குடிக்கும் வரை பேசவில்லை. பிறகு சொன்னார்: "எனக்கு நீங்க வேணும்."

அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எம்ஓஎச் கிளினிக்கில் கர்ப்பத்தடை ஊசி போட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்காகத் துஆக் கேட்கிறேன், ஊசிக்கும் நாள் தவறாமல் போகிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானது என்று முதலில் மனம் அடித்துக்கொண்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்த ஊசிக்காக வரிசையில் நிற்கிறபோது என் உயிர்மேல் இன்னொருவருக்கு இருக்கிற ஆசையையும் சுமந்துகொண்டுதான் நிற்கிறேன்.

*

2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் கரையோர ஆஸ்பத்திரியையும் அடித்துக்கொண்டு போனது. நோயாளிகள் கட்டிலோடு போனார்கள். பிள்ளைகளை இழந்த தாய்மார் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். அதே கடல் மறுகரையில் நாகப்பட்டினத்தில் செய்ததை நான் பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். அங்கே மீனவக் குடும்பங்களில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் பிறகு குடும்பக்கட்டுப்பாட்டு ஒப்பரேஷன் செய்துகொள்வது வழக்கம். ஒரே காலையில் எல்லாப் பிள்ளைகளையும் பறிகொடுத்த தாய்மார், கட்டப்பட்ட குழாய்களோடு மிஞ்சினார்கள். தமிழ்நாடு அரசு அவர்களுக்கு அந்தக் குழாய்களைத் திரும்ப இணைக்கும் ஒப்பரேஷனை இலவசமாகச் செய்ய ஏற்பாடு செய்தது. சிலர் மறுபடி கருத்தரித்துப் பெற்றார்கள். எல்லாருக்கும் பலிக்கவில்லை. குழாய் எவ்வளவு நீளம் மிஞ்சியிருக்கிறது, தாயின் வயது என்ன என்பதையெல்லாம் பொறுத்தது அது.

அந்தப் பெண்களைப் பற்றி அடிக்கடி யோசிக்கிறேன். அவர்களும் ஒரு நாள் "போதும்" என்று சொன்னவர்கள். அவர்கள் சொன்னபோது வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் உயிரோடு இருக்கிற ஒரு நாளில் சொன்ன சொல், அவர்கள் இல்லாத நாளுக்கும் செல்லும் என்று யார் தீர்ப்புச் சொல்ல முடியும்? அந்த அரசு அவர்களிடம், நீங்கள்தானே அன்றைக்குக் கையெழுத்து வைத்தீர்கள் என்று கேட்கவில்லை. எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

வெட்டிக் கட்டிய குழாயைத் திரும்ப இணைக்கலாம். எரித்த படலத்தைத் திரும்ப இணைக்க ஒன்றுமில்லை. கையெழுத்துக்கு முன் ஒரு பெண்ணுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லவேண்டும். "குடும்பம் போதுமா?" என்ற கேள்வி இன்றைய வீட்டைப் பற்றிய கேள்வி. நாளைக்கு இந்த வீடு இப்படியே இருக்காமல் போனால் என்ன செய்வீர்கள் என்பதையும் யாராவது மெல்லக் கேட்கவேண்டும். கேட்டிருந்தாலும் நான் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்கவேண்டும்.

*

எரிந்த இடத்தை உயிர்ப்பிக்கப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். கர்ப்பப்பைச் சுவர்கள் காயம்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற ஒரு நோய் உண்டு. 1948இல் அதை விரிவாக எழுதிய ஜோசப் அஷர்மன் என்ற மருத்துவரின் பெயரால் அதைச் சொல்வார்கள். என் நிலைமைக்கு மிகவும் பக்கத்தில் இருப்பது அதுதான். 2011இல் அகமதாபாத் மருத்துவர்கள் அப்படி ஒட்டிப்போன கர்ப்பப்பையுள்ள ஒரு பெண்ணுக்கு, அவருடைய சொந்த எலும்பு மச்சையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை உள்ளே வைத்து, படலம் வளர்ந்து அவர் கருத்தரித்ததை எழுதினார்கள்.

இன்னும் தூரம் போனவர்களும் உண்டு. 2014இல் சுவீடனின் கோதன்பர்க்கில் மாட்ஸ் பிரான்ஸ்ட்ரோம் குழுவினர், மாற்றிவைத்த கர்ப்பப்பையிலிருந்து உலகத்தின் முதல் பிள்ளையைப் பிறக்கவைத்தார்கள். 2018 ஒக்டோபரில் இந்தியாவின் புனேயில் அதே மாதிரி ஒரு பெண் பிள்ளை பிறந்தது. அந்தத் தாய்க்கும் அஷர்மன் நோய்தான். கர்ப்பப்பையைக் கொடுத்தவர் அவரைப் பெற்ற தாய். தான் பத்து மாதம் கிடந்த அதே கர்ப்பப்பையில் அவர் தன் பிள்ளையைச் சுமந்தார். வாசித்தவுடன் புத்தகத்தை மூடிவிட்டு உம்மாவைப் பார்த்தேன். உம்மா குசினி வாசலில் முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொருத்தியின் கர்ப்பப்பையில் எங்கள் கருவை வளர்க்கலாமே என்று வெளிநாட்டில் இருக்கிற ஒரு சொந்தக்காரி சொன்னாள். 1986 ஒக்டோபரில் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் சபை, கணவனின் விந்தையும் மனைவியின் முட்டையையும் வெளியே சேர்த்து அதே மனைவியின் கர்ப்பப்பையில் வைப்பதைத் தேவைக்கு அனுமதித்தது. வேறொரு பெண்ணின் கர்ப்பப்பையைத் தடுத்தது. அந்தப் பெண் அதே கணவனின் இன்னொரு மனைவியாக இருந்தாலும் கூடாது. வம்சம் கலங்கக்கூடாது என்பது காரணம். நான் இதை ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொண்டதால் வலி குறைந்ததா என்று கேட்டால், எந்தப் பக்கம் பார்க்கவேண்டாம் என்பது தெளிவானது. அதுவும் ஒரு இளைப்பாறல்தான்.

இன்னொரு கலியாணம் முடித்துக்கொள்ளச் சொல்லி என் கணவரின் காதில் போட்டவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. அவர் எழும்பிப் போய்விட்டார்.

*

2021 நவம்பர் 23 காலையில் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்தது. பாலம் கட்டி முடியாத இடத்தில் ஆட்களை ஏற்றிப்போன மிதப்பு அது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளைகள் தண்ணீரில் போனார்கள். ஊர் முழுக்க ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. 2009இல் திறந்த பெரிய பாலம், இலங்கையிலேயே நீளமானது என்று நாங்கள் பெருமைப்பட்ட பாலம், அதே ஊரில்தான் இருக்கிறது. அன்று பின்னேரம் மையத்து வீடுகளுக்குப் போனேன். பெற்று, உடுப்பாட்டி, புத்தகப்பையைத் தோளில் மாட்டி அனுப்பிய உம்மாமாரின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, இன்னும் பிறக்காத ஒன்றுக்காக நான் அழுததை நினைத்துக் கூசினேன்.

அந்தக் கூச்சம் பல மாதம் இருந்தது. துஆவில்கூட அந்த ஒன்றைக் கேட்காமல் விட்டேன். பிறகு அந்த உம்மாமாரில் ஒருவர்தான் என்னிடம் கேட்டார், "உங்களுக்கு ஒண்டும் ஆகல்லியா மகள்?" என்று. தன் துக்கத்துக்குள் இருந்துகொண்டு என் துக்கத்துக்கும் இடம் வைத்திருந்தார் அவர். துக்கங்களைத் தராசில் வைப்பதை அன்றோடு விட்டேன்.

ஆயிஷா நாயகிக்குப் பிள்ளை இல்லை. மற்றப் பெண்களெல்லாம் பிள்ளையின் பெயரால் அழைக்கப்பட, தனக்கு மட்டும் அப்படி ஒரு பெயர் இல்லையே என்று அவர் நபிகள் நாயகத்திடம் சொன்னார். உம்மு அப்துல்லாஹ் என்று வைத்துக்கொள்ளும்படி பதில் வந்தது. அப்துல்லாஹ் அவருடைய ராத்தா அஸ்மாவின் மகன். சிறு வயதில் மத்ரஸாவில் இதைப் படித்தபோது, ஒரு தகவலாகத்தான் மனதில் கிடந்தது. இப்போது அந்தச் சம்பவத்தில் என்னை நிறுத்துவது அவர் கேட்டார் என்பதுதான். அத்தனை அறிவும் அந்தஸ்தும் உள்ளவர், இல்லாத ஒன்றைப் பற்றித் தன் கணவரிடம் வாய் திறந்து சொன்னார். அந்த வாய்திறப்பைப் பொறுமையின்மை என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

எனக்கு என் மகளின் பெயரால் ஒரு பெயர் ஏற்கனவே இருக்கிறது. அதனால் உனக்கென்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பிள்ளை இருப்பது இன்னொரு பிள்ளைக்கான ஏக்கத்தை நிரப்பும் என்று நினைப்பவர்கள், பிள்ளைகளை எண்ணிக்கையில் பார்க்கிறார்கள்.

*

போன கிழமை எங்கள் வளவுக்கு அடுத்த வீட்டுப் பெண் வந்தாள். முப்பத்து மூன்று, நான்கு வயதுதான் இருக்கும், மூன்று பிள்ளைகள். றமழானில் பாதி நோன்பு போய்விட்டது, உதடு வெளிறிக் கிடந்தது. கிளினிக்கில் அவளுக்கும் இந்தச் சூடு வைக்கிற வைத்தியத்தைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு நடந்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

செய்துகொள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முதலில் ஹோர்மோன் உள்ள லூப்பைப் பற்றிக் கேட்கச் சொன்னேன். அதைக் கர்ப்பப்பைக்குள் வைத்தால் படலம் மெலிந்து இரத்தம் குறையும். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம், எடுத்த பிறகு பிள்ளையும் பெறலாம். பல பெண்களுக்கு அதுவே போதும். அது சரிவராமல் சூடு வைப்பதுதான் முடிவென்றால், பிறகும் கர்ப்பத்தடை வேண்டும் என்பதை மறந்துவிடாதே என்றேன். அவள் நம்பவில்லை. "அதான் எரிச்சிருவாங்களே ராத்தா, இனி என்னத்துக்குத் தடை?" என்று கேட்டாள். நச்சுக்கொடியைப் பற்றி அந்த வீஓஜி கீறிக் காட்டின மாதிரியே பழைய கொப்பி ஒன்றில் கீறிக் காட்டினேன். மாதம் வராததால் கர்ப்பம் உண்டானாலும் பிந்தித்தான் தெரியவரும் என்பதையும் சொன்னேன்.

எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, எழும்புமுன் தலையைக் குனிந்தபடி கேட்டாள்: "நீங்க அந்த நாளுக்குத் திரும்பிப் போனா, செய்வீங்களா ராத்தா?"

ஓம் என்றேன். யோசிக்காமல் வந்தது. பிறகு, பிள்ளை வேண்டும் என்ற ஆசை இன்னும் இருக்கிறது என்பதையும் அவளிடம் சொன்னேன். இரண்டையும் ஒரே மூச்சில் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை.

வியாழக்கிழமை கிளினிக். புருஷனையும் கூட்டிப்போகச் சொல்லி, கேட்கவேண்டிய கேள்விகளை அந்தக் கொப்பித் தாளிலேயே எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். பிள்ளைகளை அன்றைக்கு நான் பார்த்துக்கொள்வேன்.